வெயில் நாளில் ஏன் ஒன்றும் இல்லை? மெக்சிகோ வளைகுடாக் கரையின் வசந்தகாலப் பறவைப் பதிவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் வந்தால் டெக்சஸ், லூசியானா கடற்கரைப் பறவை நோக்கர்கள் வானிலை அறிக்கையைத் தலைகீழாகப் படிப்பார்கள். இடி, மழை, வடக்குக் காற்று என்று வந்தால் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். நீல வானம், தெற்கிலிருந்து இதமான காற்று என்றால் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது புரியாது. ஹூஸ்டனில் எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் ஒவ்வொரு வசந்தத்திலும் யாராவது ஒருவர் கேட்பார்: "அண்ணா, சனிக்கிழமை வெயில் நல்லா இருக்காம், ஹை ஐலண்ட் போகலாமா?" மூத்தவர் யாராவது பதில் போடுவார்: "காத்து தெக்கேர்ந்து அடிக்குது தம்பி. மரந்தான் இருக்கும்."

ஏன் அப்படி? இந்தக் கேள்வி ஒரு காலத்தில் அமெரிக்கப் பறவையியலின் பெரிய சண்டைகளில் ஒன்றாக இருந்தது. இரண்டு அணிகளும் கையில் வைத்திருந்தது ஏறக்குறைய ஒரே பதிவுகளைத்தான், அதாவது கரையோரத்து ஆட்கள் வசந்தத்தில் பார்த்ததையும் பார்க்காததையும். முடிவு மட்டும் நேர் எதிர்: பறவைகள் வளைகுடாவைக் கடந்தே வருகின்றன என்றது ஓர் அணி, இல்லை, தரைவழியாகச் சுற்றித்தான் வருகின்றன என்றது மற்றது. பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நம் பழக்கத்தில் எது உதவுகிறது, எது வழிதவறச் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இடமும் பருவமும்

முதலில் நிலவியல். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பம் வளைகுடாவுக்குள் வடக்கு நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியிலிருந்து நேர் வடக்கே கடலைக் கடந்தால் லூசியானா, கிழக்கு டெக்சஸ் கரைகள். இடையில் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தண்ணீர். குளிர்காலத்தை மத்திய, தென் அமெரிக்காவில் கழித்துவிட்டு வடக்கே முட்டையிடப் போகும் சிறு பறவைகளுக்கு இரண்டு வழிகள். மெக்சிகோவின் கிழக்குக் கரையை ஒட்டித் தரைமேலேயே சுற்றிப் போகலாம். இல்லையென்றால் இருட்டியதும் யுகடானிலிருந்து கிளம்பி, இரவெல்லாம் கடல்மேல் பறந்து, மறுநாள் பகலில் அமெரிக்கக் கரையைத் தொடலாம். மூன்று கிராம் எடையுள்ள செங்கழுத்து ஹம்மிங்பேர்ட் முதல் கருஞ்சிவப்பு டனேஜர், இண்டிகோ பன்டிங், பலவகை வார்ப்ளர்கள் வரை இந்தக் கேள்விக்குள் வரும்.

கரையில் இறங்குவதற்கு இடம் அதிகமில்லை. எங்கும் சதுப்பு, கோரை. நடுநடுவே பழைய கடற்கரை மணல்மேடுகளில் ஓக் மரங்கள் வளர்ந்திருக்கும். லூசியானாவில் இவற்றை ஷெனியர் என்பார்கள். டெக்சஸில் ஹை ஐலண்ட் என்ற சின்ன ஊர். பெயரில் தீவு இருந்தாலும் தீவு அல்ல. பூமிக்கடியில் உள்ள உப்புக் குவிமாடம் தரையைத் தூக்கிவிட்டதால் சுற்றியுள்ள சதுப்பைவிடப் பத்து மீட்டர்போல உயர்ந்த மேடு, அவ்வளவுதான். அதன்மேல் பெரிய ஓக்குகளும் மல்பெரி மரங்களும். ஹூஸ்டன் ஆடுபான் சங்கம் இங்கே பல காப்பிடங்களை வைத்திருக்கிறது. பாய் ஸ்கவுட் வுட்ஸ், ஸ்மித் ஓக்ஸ் இரண்டும் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்கள். பாய் ஸ்கவுட் வுட்ஸில் ஒரு தண்ணீர்க் குட்டையைப் பார்த்தபடி படிப்படியாக இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அங்கே உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஏப்ரல் பாதியிலிருந்து மே முதல் வாரம் வரைதான் உச்சம். அந்த நாட்களில் குளிர் முகப்பு ஒன்று, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, வடக்கிலிருந்து கடலை நோக்கி வந்தால், இந்தப் பக்கத்து மொழியில் நார்தர் அடித்தால், அதுவும் பறவைகள் கடல்மேல் இருக்கும்போதே அடித்தால், நடப்பதை ஃபாலவுட் என்கிறார்கள். எதிர்க்காற்றில், மழையில் கொழுப்பெல்லாம் எரிந்து தீர்ந்து, சதையே கரையத் தொடங்கிய நிலையில் வந்து சேரும் பறவைகள் கண்ணில் பட்ட முதல் மரத்தில் விழுகின்றன. மரம் நிறைந்தால் புல்தரையில், சாலையோரத்தில், கடற்கரை மணலிலேயே. கருஞ்சிவப்பு டனேஜர்கள் தரையில் சிதறிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சென்னையில் அக்டோபர் மாதம் களைத்துப்போன ஆறுமணிக்குருவி வீட்டுக்குள் நுழைந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் களைப்பை ஒரு தோப்பு முழுக்க யோசித்துப் பாருங்கள். (அந்த நாட்களில் போகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். பாட்டை ஒலிபரப்பி அழைப்பதெல்லாம் வேண்டாம். இருக்கிற கொஞ்ச நஞ்ச சக்தியும் அதில் போய்விடும்.)

தெற்குக் காற்று அடிக்கும் வெயில் நாளில் இதே தோப்பில் உள்ளூர்ப் பறவைகளும் கொசுக்களும் மட்டும்.

அட்டைகளில் தொடங்கிய கதை

வசந்தகால வரவைப் பலரும் சேர்ந்து பதியும் வேலை அமெரிக்காவில் 1880களில் தொடங்கியது. வெல்ஸ் குக் என்ற பள்ளி ஆசிரியர் மின்னசோட்டாவில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் உள்ள பறவை ஆர்வலர்களுக்குக் கடிதம் எழுதி, எந்தப் பறவை என்றைக்கு முதலில் வந்தது என்று கேட்டு வாங்கத் தொடங்கினார். 1883ல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் உருவானதும் அந்த வேலை நாடு தழுவியதானது. கலங்கரை விளக்கக் காவலர்கள்கூடச் சேர்க்கப்பட்டார்கள், இரவில் விளக்கில் மோதிவிழும் பறவைகளைப் பார்க்கிறவர்கள் அவர்கள்தானே. பிறகு அரசின் விவசாயத் துறை பொறுப்பேற்றது, குக்கும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 1970ல் திட்டம் மூடப்பட்டபோது அறுபது லட்சம் அட்டைகள் சேர்ந்திருந்தன. அவற்றை மேரிலாந்தின் பட்டக்ஸன்ட் ஆய்வு மையத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். 2009ல் தன்னார்வலர்கள் இணையம் வழியாக அவற்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள்.

அட்டையில் என்ன கேட்டார்கள்? முதலில் பார்த்த தேதி, எத்தனை, அடுத்துப் பார்த்த தேதி, பரவலாகத் தென்படத் தொடங்கிய தேதி, கடைசியாகப் பார்த்த தேதி, உள்ளூரில் கூடு கட்டுமா. நல்ல கேள்விகள். இந்தத் தேதிகளை வைத்தே குக், நியூ ஆர்லியன்ஸிலிருந்து தென் மின்னசோட்டா வரை பறவைகள் சராசரியாக நாளொன்றுக்கு 23 மைல் நகர்கின்றன என்று கணக்குப் போட்டார். பிளாக்போல் வார்ப்ளர் தெற்கில் நாளுக்கு 30, 35 மைல் என்று மெதுவாக வந்து, மின்னசோட்டாவைத் தாண்டியதும் அலாஸ்காவை நோக்கி நாளுக்கு 200 மைலுக்கும் மேல் பாய்கிறது என்பதையும் அவர் காட்டினார். வாஷிங்டனில் மேசையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் எழுதி அனுப்பிய தேதிகளிலிருந்து இதைச் செய்ததுதான் ஆச்சரியம்.

ஆனால் அட்டையில் இல்லாத கேள்விகள் இரண்டு. நீங்கள் எத்தனை நாள் தேடினீர்கள்? தேடியும் காணாத நாள் எது? பறவைகள் வளைகுடாவைக் கடப்பதாகவே குக் நம்பினார். நல்ல வானிலையில் அவை கரையில் நிற்காமல் உள்நாட்டுக்குப் போய்த்தான் இறங்குகின்றன என்பது அவர் எண்ணம். ஆனால் கரையோர வெறுமை உண்மையான வெறுமையா, யாரும் பார்க்காத வெறுமையா என்று அட்டையை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் 1945ன் சண்டை நுழைந்தது.

இரண்டு ஜார்ஜ்கள்

ஜார்ஜ் வில்லியம்ஸ் ஹூஸ்டனில் ரைஸ் கல்வி நிறுவனத்தில், இன்றைய ரைஸ் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலப் பேராசிரியர். பறவையியல் அவர் தொழில் அல்ல. ஆனால் டெக்சஸ் கரையின் நோக்கர்கள் பருவந்தோறும் பார்த்ததைத் தொகுத்து எழுதிக்கொண்டிருந்தவர் அவர். ஊர் ஊராக வரும் பதிவுகள் அவர் மேசைக்குத்தான் வரும். இன்னொருவர் ஜார்ஜ் லோவரி, பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர்.

1945ல் வில்லியம்ஸ் 'ஆக்' ஆய்விதழில் நேரடியாகவே கேட்டார்: வசந்தத்தில் பறவைகள் உண்மையிலேயே வளைகுடாவைக் கடக்கின்றனவா? அவர் வாதம் எளிமையானது. கடலைக் கடந்து கோடிக்கணக்கில் வருகின்றன என்றால் கரையில் நிற்கிறவர்கள் அவை வருவதைப் பார்க்க வேண்டாமா? நல்ல வானிலையில் யாரும் பார்ப்பதில்லையே. டெக்சஸ் கரையில் வலசைப் பறவை அதிகம், அந்தப் பக்கம் ஃபுளோரிடாவிலும் உண்டு. நடுவில்தான் குறைவு. அப்படியானால் அவை இரு பக்கமும் தரைவழியாகச் சுற்றித்தான் போகின்றன. புயல் நாளில் கடலிலிருந்து வருபவை? கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தவற்றைக் காற்று கடலுக்குத் தள்ளியிருக்கும், அவை திரும்பி வருகின்றன.

அதே ஆண்டு 'வில்சன் புல்லட்டின்' இதழில் லோவரியின் பதில் வந்தது. நல்ல வானிலையில் கரையில் பறவை இல்லை என்பதை அவர் மறுக்கவே இல்லை. அந்த வெறுமையையே கட்டுரையின் நடுவில் வைத்தார். கரையோரமாக ஓர் அகலமான பட்டையில் வலசைப் பறவையே இல்லை, உள்நாட்டுக் காடுகளில் நிறைய இருக்கிறது. எப்படி? தெற்குக் காற்று தள்ளிவிட, சக்தி மீதமிருக்க, கரைக்கு மேலே உயரமாகப் பறந்து தாண்டிப் போய்விடுகின்றன. சதுப்பில் இறங்கி அவற்றுக்கு என்ன வேலை? மழையும் எதிர்க்காற்றும் வந்தால்தான் கரையிலேயே விழுகின்றன. வில்லியம்ஸுக்கு அந்த வெறுமை கடல்வழி இல்லை என்பதற்கான சாட்சி. லோவரிக்கு அதுவே கடல்வழி நன்றாக நடக்கிறது என்பதன் அடையாளம்.

1946ல் லோவரி இன்னும் சான்றுகளைத் திரட்டி எழுத, 1947ல் வில்லியம்ஸ் மறுபடி பதில் எழுத, சண்டை சூடானது. படிக்கும்போது எனக்கு வில்லியம்ஸ் மேல் அனுதாபமே அதிகம். அவர் பிடிவாதக்காரர் அல்ல. கண்ணால் காணாததை நம்பச் சொன்னால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். அவரிடம் இருந்த சிக்கல் வேறு. புயல் நாளில் நூறு பேர் கரைக்கு ஓடுகிறார்கள், வெயில் நாளில் யாரும் போவதில்லை. போகிற ஒருவர் இருவரும் காலை ஏழு மணிக்குப் போய் பத்து மணிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரவு ஏழெட்டு மணிக்கு யுகடானிலிருந்து கிளம்பும் பறவை ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல பின்காற்றில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்தாலும் பதினாறு, பதினேழு மணி நேரம். மறுநாள் நண்பகலுக்குத்தான் கரைக்கு மேல் வரும். காலையில் பார்த்துவிட்டு 'வரவில்லை' என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டி வருவதற்கு முன்பே ஸ்டேஷனிலிருந்து கிளம்பிவிட்டார்கள், அவ்வளவுதான். பட்டியலில் நேரம் எழுதியிருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும்.

நிலாவைப் பார்த்து எண்ணியவர்கள்

கரையில் நின்று பார்ப்பதால் தீராது என்று லோவரிக்குத் தெரிந்திருந்தது. இரவில் பறப்பதை எப்படிப் பார்ப்பது? முழுநிலவை நோக்கிச் சிறு தொலைநோக்கியைத் திருப்பினால், நிலாவின் முகத்தைக் குறுக்கே கடக்கும் பறவைகள் கறுப்பு நிழலாகத் தெரியும். இது முன்பே சிலருக்குத் தெரிந்த வித்தைதான். லோவரி அதை எண்ணிக்கையாக்கினார். நிலாவைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, பறவை ஐந்து மணி இடத்தில் நுழைந்து பதினொரு மணி இடத்தில் வெளியேறியது என்பதுபோல ஒருவர் சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் எழுதுவார். நிலா வானத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் பறந்த திசையும் ஒரு மணி நேரத்தில் கடந்த அடர்த்தியும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரென்ஸ் கணிதத்தில் உதவினார்.

1948 வசந்தத்தில் கண்டம் முழுக்க சுமார் 30 இடங்களில், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கழுத்து வலிக்க நிலாவைப் பார்த்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடிகாரமோ கணிதமோ அல்ல. நிலா தெரிந்த நேரம் முழுக்க உட்கார்ந்து, பறவை வராத நிமிடங்களையும் சேர்த்து எழுதினார்கள். 'இந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றுமில்லை' என்ற வரிக்கும் 'முப்பது' என்ற வரிக்கும் அதே மரியாதை. குக்கின் அட்டையில் இல்லாமல் போனது இதுதான்.

யுகடானின் வட கரையில் ப்ரோக்ரெசோ என்ற துறைமுகம். கடலுக்குள் ஒரு மைலுக்கும் மேல் நீளும் பாலம்போன்ற துறைமேடை. அதன் கடைசியில் தொலைநோக்கி வைக்கப்பட்டது. அங்கே நின்றால் நான்கு பக்கமும் தண்ணீர். நிலாவைக் கடந்த பறவைகள் திறந்த கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வருபவையாகவோ கரையை ஒட்டிப் போகிறவையாகவோ இல்லை. லோவரியின் பக்கம் வலுத்தது.

ஆனால் அதே திட்டத்தில் மெக்சிகோவின் கிழக்குக் கரையில் டாம்பிகோ நிலையமும் இருந்தது. எல்லா நிலையங்களிலும் மிக அதிக அடர்த்தி பதிவானது அங்கேதான். அதாவது வில்லியம்ஸ் சொன்ன தரைவழி. 1951ல் முழு அறிக்கை வெளியானபோது நேர்மையாகப் படித்தவர்களுக்குப் புரிந்தது, இரண்டு வழியும் உண்டு, இரண்டும் பெரிய வழிகள். சண்டையில் ஒருவர் வென்றார், மற்றவர் தோற்றார் என்று சொல்கிறவர்கள் டாம்பிகோவை மறந்துவிடுகிறார்கள்.

ராடார் வந்த பிறகு

மிச்சமிருந்த சந்தேகத்தைத் தீர்த்தவர் லோவரியின் மாணவரான சிட்னி கோத்ரோ. லேக் சார்ல்ஸ், நியூ ஆர்லியன்ஸ் இரண்டு ஊர்களிலும் மழையைக் கண்காணிக்க நிறுவிய வானிலை ராடார்கள் இருந்தன. அவற்றின் திரையில் மழையில்லாத நாட்களிலும் புள்ளிகள் கடல்மேலிருந்து கரையை நோக்கி வந்தன. 1965 வசந்தம் முதல் அவர் இவற்றைத் தொடர்ந்து பதிந்தார். ராடார் புள்ளி பறவைதானா என்று சந்தேகம் வராமல் இருக்க, தொலைநோக்கியை நேர் மேலே திருப்பி வைத்து அவற்றைக் கண்ணாலும் பார்த்தார். ஏப்ரலிலிருந்து மே நடு வரை ஏறக்குறைய தினமும் கடல் கடந்து வரவு இருந்தது. வெயில் நாட்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் கரையைத் தாண்டி, உள்நாட்டுக் காடுகளுக்குமேல் போய்த்தான் கூட்டம் இறங்கியது. கரை நோக்கர்களின் தலைக்கு மேலேதான் எல்லாம் நடந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு எட்டாத உயரம்.

இன்று கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் பிறரும் நடத்தும் பேர்ட்காஸ்ட் தளம் நாடு முழுக்க உள்ள 140க்கும் மேற்பட்ட வானிலை ராடார்களிலிருந்து இரவுக்கு இரவு வலசைக் கணக்கைத் தருகிறது. எந்த மாவட்டத்தின்மேல் இன்றிரவு எத்தனை பறவை கடக்கிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ராடாருக்கு ஒரு குறை, அதற்கு இனம் தெரியாது. பன்டிங்கும் வார்ப்ளரும் அதற்கு ஒன்றுதான். அங்கேதான் தரையில் நிற்கும் மனிதன் இன்னும் தேவைப்படுகிறான்.

நாம் பகிர்வது எது

வாட்ஸாப் குழுக்களுக்குத் திரும்புவோம். எங்கள் குழுவின் ஏப்ரல் மாதத்தை மேலிருந்து கீழே புரட்டினால் ஃபாலவுட் நாட்களின் படங்கள் வரிசையாக வரும். நடுவில் எத்தனையோ நாள் மௌனம். அந்த மௌனத்தில் யாரும் போகவில்லையா, போய் வெறுங்கையுடன் வந்தார்களா, தெரியாது. 1945க்கு முந்தைய கரையோரக் குறிப்பேடுகள் எப்படி இருந்தனவோ அப்படியேதான். கருவி மாறியிருக்கிறது, மனித சுபாவம் மாறவில்லை. நல்ல செய்தியைத்தான் எல்லோருக்கும் சொல்லத் தோன்றும்.

இந்தச் சுபாவத்தைச் சரிக்கட்டத்தான் 2002ல் தொடங்கிய ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளம் சில கேள்விகளைக் கட்டாயமாக்கியது. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அப்புறம் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் இந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்களா? 'ஆம்' என்று சொன்ன அந்த நொடியில், பட்டியலில் இல்லாத ஒவ்வொரு இனமும் 'தேடினேன், காணவில்லை' என்ற பதிவாக மாறிவிடுகிறது. இந்தியாவிலும் 2020, 2023 ஆண்டுகளில் வெளியான நாட்டுப் பறவைகளின் நிலை அறிக்கைகள் இப்படிப்பட்ட பட்டியல்களின்மேல் நிற்பவைதான். 2023 அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேச முடிந்தது முப்பதாயிரம்போல நோக்கர்கள் சலிப்பான நாட்களிலும் எழுதியதால்.

முதல் வரவுத் தேதியை மட்டும் வைத்துப் பேசுவதில் இன்னும் சில பொறிகள் உண்டு. சனி, ஞாயிறுகளில்தான் மக்கள் வெளியே போகிறார்கள், ஆகவே முதல் வரவுகளும் அந்த நாட்களில் கூடுதலாகப் பதிவாகின்றன. பறவைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதைப்போல, பார்க்கிறவர் எண்ணிக்கை பெருகினால் பறவை மாறாமலேயே முதல் வரவு முன்னே நகரும். ஆயிரம் பேர் தேடினால் யாராவது ஒருவர் அவசரக்காரப் பறவை ஒன்றைப் பார்த்துவிடுவார். செங்கழுத்து ஹம்மிங்பேர்டைப் பற்றி 2013ல் வந்த ஆய்வு, குக் தொடங்கிவைத்த திட்டத்தின் அட்டைகளையும் 2001 முதல் 2010 வரையிலான தன்னார்வலர் பதிவுகளையும் ஒப்பிட்டு, 41 பாகை வட அட்சத்துக்குத் தெற்கே அவை 11 முதல் 18 நாள் வரை முன்னதாக வருகின்றன என்றது. பருவநிலை மாற்றத்தின் கை அதில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் எத்தனை வீட்டு ஜன்னல்களில் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகள் தொங்கத் தொடங்கின, எத்தனை பேர் தினமும் அவற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பதை யோசிக்காமல் அந்த எண்ணை மேடையில் சொல்வது சரியல்ல.

கால்வெஸ்டன், 2017

கரையில் பறவை தாழ்வாகப் பறக்கும் நாள் நமக்குத் திருவிழா. அதே இரவு பறவைக்கு எப்படி முடியும் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. 2017 மே 4ஆம் தேதி காலை, ஹை ஐலண்டிலிருந்து பொலிவர் தீபகற்பத்தின் மறுமுனைக்கு அப்பால் உள்ள கால்வெஸ்டன் நகரத்தில், விளக்குகள் எரிந்துகொண்டிருந்த உயரமான அலுவலகக் கட்டடம் ஒன்றின் அடியில் 395 பறவைகள் செத்துக் கிடந்தன. மூன்று மட்டும் பிழைத்திருந்தன. இருபத்தைந்துபோல இனங்கள், நாஷ்வில் வார்ப்ளர், பிளாக்பர்னியன் வார்ப்ளர் இரண்டும் அதிகம். முந்தைய இரவு புயல் முகப்பும் வடக்குக் காற்றும். கடல் கடந்து வந்தவை தாழ்ந்து, ஒளியில் குழம்பிக் கண்ணாடியில் மோதியிருக்கின்றன.

அவற்றைச் சேகரித்து, இனம் பிரித்து, எண்ணி எழுதியதால் இது வதந்தியாகப் போகவில்லை. கட்டடத்தார் வலசைக் காலத்தில் வெளிவிளக்குகளை அணைக்க ஒத்துக்கொண்டார்கள். பிறகு டெக்சஸ் நகரங்கள் பலவற்றில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இரவு விளக்கை அணைக்கச் சொல்லும் இயக்கம் வளர்ந்தது. எந்த இரவில் அணைப்பது மிக முக்கியம் என்பதை இப்போது ராடார் முன்கூட்டியே சொல்கிறது.

எண்கள் இன்று சொல்வது

2019ல் வெளியான ஓர் ஆய்வு, 1995 முதல் 2015 வரையிலான ராடார் பதிவுகளைக் கொண்டு, வசந்தத்தில் சுமார் 210 கோடிப் பறவைகள் வளைகுடாவின் அமெரிக்கக் கரையைக் கடக்கின்றன என்று கணக்கிட்டது. அதில் பாதி ஏப்ரல் 19க்கும் மே 7க்கும் இடையிலான 18 நாட்களிலேயே கடந்துவிடுகிறது. எண்ணிக்கையில் பெரிய சரிவு இல்லை என்றும் அது சொன்னது. 1965-67 ராடார் படங்களை 1987-89 படங்களோடு ஒப்பிட்ட கோத்ரோ, கடல் கடக்கும் நாட்கள் பாதியளவு குறைந்துவிட்டன என்று முன்பு எழுதியிருந்தார். இரண்டும் வேறு வேறு காலம், வேறு வேறு அளவைகள். ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யாக்க முடியாது. ஆனால் கூட்டங்களில் அவரவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள்.

2019 ஆய்வில் இன்னொரு விவரம் இருக்கிறது. கரையின் எந்தப் பகுதியில் நெரிசல் அதிகம்? கார்பஸ் கிறிஸ்டி, பிரவுன்ஸ்வில் பக்கம், தென் டெக்சஸில். இரவுக்கு ஒரு கிலோமீட்டர் அகலத்தில் 26,000 பறவைகள், மற்ற கரையைவிட ஐந்து மடங்குக்கும் மேல். மெக்சிகோவின் கிழக்குக் கரையிலிருந்து நிலத்தை ஒட்டி வருகிறவை அங்கேதான் வந்து சேரும். டெக்சஸில்தான் பறவை அதிகம் என்று 1945ல் எழுதிய ஆங்கிலப் பேராசிரியர் தன் மேசைக்கு வந்த பதிவுகளைச் சரியாகவே கூட்டியிருந்தார்.

எங்கள் குழுவில் இந்த ஏப்ரல் முதல் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஹை ஐலண்ட் போகிறவர் யாராக இருந்தாலும் வந்த மணி, கிளம்பிய மணி, காற்றின் திசை மூன்றையும் முதல் வரியில் போட வேண்டும், படம் அப்புறம். தெற்குக் காற்று நாட்களில் போக ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் செவ்வாயும் வியாழனும் நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார். மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும்.